எண்ணெய் பாட்டிலை வைத்துவிட்டு அந்தப் பழைய ஃபைலை எடு

எங்கள் வீட்டுச் சின்னவள் போனில் பேச மாட்டாள். ஏழு வயதில் ஏற்றிய சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து அவள் காதிலிருந்து கீச்சுச் சத்தங்களைத் துடைத்துவிட்டது. போனில் பாதி புரியாது. எல்லாம் வாட்ஸ்அப்தான். போன ஆவணியில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஹாஸ்டல் குளியலறையில் தண்ணீர் போகும் துவாரத்தின் மூடி, அதன்மேல் சோப்பு நுரையோடு சுருண்டு கிடந்த ஒரு கைப்பிடி முடி. கீழே ஒரே வரி: "அக்கா, திரும்ப வந்துடுச்சா?"

இந்தக் கேள்வி உனக்கும் வந்திருந்தால் முதலில் இதைக் கேள். அன்றைக்கு உன் முடியைக் கொட்ட வைத்தது நோய் இல்லை, மருந்து. நினைத்துப் பார், நோயைக் கண்டுபிடித்த அன்று உன் தலையில் முடி இருந்தது. கீமோ ஏற ஆரம்பித்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தலையணை உறையெல்லாம் முடி ஒட்டியது. சின்ன வயதில் இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால் மனசு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டது. அந்த முடிச்சை அவிழ்க்க அன்று ராத்திரி ஒன்றரை மணி வரை நான் டைப் அடித்தேன்.

அதற்காக "ஒண்ணுமில்லடி, எண்ணெய் தடவு" என்று சொல்லியும் விட முடியாது. சிறுவயதில் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்குப் பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் புதிதாக முடி கொட்டினால், ஹார்மோன் எங்கோ இறங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் அலைந்து, நடுவில் நான் ஒரு பெரிய முட்டாள்தனமும் செய்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஃபைல் தூக்கிய அக்கா.

எங்கே கொட்டுகிறது?

கொட்டுகிறது என்று சொன்னால் போதாது, எங்கே என்று பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் நின்று, நடு வகிடு எடுத்து, மேலிருந்து ஒரு போட்டோ, நெற்றியோரம் ஒன்று, பின்னந்தலை ஒன்று. அடுத்த மாதம் அதே ஜன்னல், அதே நேரம், அதே வகிடு. தினமும் கொட்டிய முடியை எண்ணிக்கொண்டு உட்காராதே. சாதாரண மனுஷிக்கே நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும். சின்னவள் எண்ணினாள். ஒரு நோட்டில் 84, 112, 97 என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எழுதி வைத்திருந்தாள். அந்த நோட்டால் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

சிகிச்சைக்குப் பிறகு அவளுக்குப் பின்னந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி அடர்த்தியாக வளர்ந்ததே இல்லை. சின்ன வயதில் அவளுக்கு வந்த நோய் மெடுல்லோபிளாஸ்டோமா, சிறுமூளையில் வரும் கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் சேர்த்து 23.4 கிரே அளவுக்குக் கரன்ட் (கதிர்வீச்சு) வைத்து, அப்புறம் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூட்டி 54 கிரே வரை கொண்டுபோனார்கள். முப்பது நாள் சிகிச்சை. அந்தக் கதிர் நுழைந்த இடத்தில் முடி வேர்கள் சில நிரந்தரமாகக் கருகிவிட்டன. அது ஹார்மோன் இல்லை. எந்த மாத்திரைக்கும் எண்ணெய்க்கும் அது அசையாது.

ஆனால் ஆவணியில் கொட்டியது அந்த இடத்தில் இல்லை. தலை முழுக்கச் சமமாக, ஒரு பாகுபாடும் இல்லாமல் மெலிந்திருந்தது. கூடவே புருவத்தின் வெளி ஓரம், காதுப் பக்கம் முடியும் பகுதி, தேய்ந்த மாதிரி இருந்தது. நான் அதை ஐப்ரோ எடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்!

ஆக, ஒரே இடத்தில் வழுக்கையா, தலை முழுக்க மெலிவா, வகிடு மட்டும் அகலமாகிறதா என்பதை நீயே பார்த்துவைத்துக்கொள். முதலாவது கதிரின் தழும்பாக இருக்கலாம் (திடீரென்று வட்டமாக விழுந்தால் அது வேறு சங்கதி, தோல் டாக்டரிடம் போ). இரண்டாவது தைராய்டு, இரும்புச்சத்து, காய்ச்சல் என்று உடம்பின் உள்விவகாரம். மூன்றாவதில் ஆண் ஹார்மோனும் அப்பா அம்மா வழியும் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று, காலண்டரைப் பின்னால் புரட்டு. கீமோவில் வளர்ந்துகொண்டிருக்கும் முடி அப்படியே அறுந்து விழும், அதனால்தான் அவ்வளவு வேகம். இப்போது கொட்டுவது பெரும்பாலும் அப்படி இல்லை. உடம்புக்கு ஏதோ ஒரு அடி விழுந்தால் வளர்கிற முடி பாதியில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வெடுத்த முடி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கீழே விழும். அதனால் இன்று கொட்டுகிற முடிக்கு நேற்றுப் போட்ட ஷாம்பூவைத் திட்டாதே. மூன்று மாதத்துக்கு முன் டெங்கு வந்ததா, பரீட்சைக்கு என்று பட்டினி கிடந்தாயா, ஏதாவது மாத்திரையை ஆரம்பித்தாயா, நிறுத்தினாயா என்று யோசி. டெங்குவாக இருந்தால் பல சமயம் ஆறு மாதத்தில் தானே சரியாகிவிடும்.

சின்னவள் விஷயத்தில் மூன்று மாதத்துக்கு முன் என்றால் வைகாசி. லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். கத்திரி வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள். "ஃபேனைப் போடுடி, வேகுது" என்று நான் சண்டை போட்டேன். மலச்சிக்கல் என்று அம்மா வாழைப்பழம் வாங்கி வந்தாள். கைத்தோல் பனியில் காய்ந்த மாதிரி வெளுத்திருந்தது. மூன்று பேர் மூன்று விஷயத்தைப் பார்த்தோம், ஒருவருக்கும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஃபைல்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்றால் இதைச் செய். பரணில் கிடக்கும் அந்தப் பழைய ஆஸ்பத்திரி ஃபைலை இறக்கு. எங்கள் வீட்டில் அது ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் இருந்தது. அப்பா அதைத் திறக்கவே விடமாட்டார். "முடிஞ்சு போன கதை" என்பார். உடம்பைப் பொறுத்தவரை முடியவில்லை. தலைக்கு வைத்த கரன்ட்டால் ஹார்மோன் குறைவது பத்து வருடம் கழித்தும் ஆரம்பிக்கலாம்.

ஃபைலில் நீ தேட வேண்டியவை: என்ன நோய், எந்த வருடம், கரன்ட் எந்தப் பாகத்துக்கு, எத்தனை கிரே, எந்தெந்தக் கீமோ மருந்து, எலும்பு மஜ்ஜை மாற்று நடந்ததா, ரத்தம் எத்தனை தடவை ஏற்றினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி இல்லையென்றால் சிகிச்சை எடுத்த இடத்தின் ரெக்கார்ட் செக்‌ஷனுக்குப் பழைய ஓ.பி. நம்பரோடு போய்க் கேள். கேட்டுப் பெற உனக்கு உரிமை உண்டு. கிடைத்ததும் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போனில் வை, அம்மா போனிலும் வை.

அதில் உள்ள சில சொற்கள் உன் தலைமுடிக்கு நேரடியாகச் சம்பந்தம் உள்ளவை. மஜ்ஜை மாற்றுக்கு முன் பியூசல்ஃபானோ தயோடெபாவோ அதிக டோஸில் ஏற்றியிருந்தால் முடி முழுசாகத் திரும்பாமல் போகலாம். அது வேரில் விழுந்த அடி. சைக்ளோபாஸ்ஃபமைட் நிறைய ஏறியிருந்தாலோ அடிவயிற்றில் கரன்ட் வைத்திருந்தாலோ கருப்பையின் பக்கத்தில் இருக்கும் சினைப்பையைப் பற்றி யோசிக்க வேண்டும். கழுத்து, மார்பு, முதுகுத்தண்டு என்று கரன்ட் வாங்கியிருந்தால் தைராய்டு. தலைக்கு என்றால் பிட்யூட்டரி. ரத்தப் புற்றுநோய்க்கு வெறும் கீமோ மட்டும் எடுத்து, தலைக்குக் கரன்ட்டே வைக்கவில்லை என்றால் பிட்யூட்டரி பயம் பெருமளவு குறைகிறது. அதையும் தெரிந்துகொள்வது நல்லதுதானே.

தொண்டை கட்டிய பிட்யூட்டரி

பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில் தொங்கும் பட்டாணி அளவுச் சுரப்பி. தைராய்டு, அட்ரினல், சினைப்பை எல்லாவற்றுக்கும் அதுதான் மேஸ்திரி. தைராய்டு சோம்பினால் பிட்யூட்டரி "இன்னும் சுர, இன்னும் சுர" என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தின் அளவுதான் டி.எஸ்.எச். ஊரில் எல்லாருக்கும் டி.எஸ்.எச். ஒன்றைப் பார்த்தே தைராய்டைச் சொல்லிவிடுகிறார்கள். சத்தம் ஏறியிருந்தால் தைராய்டு குறைவு என்று அர்த்தம். அவர்களுக்கு அது சரி.

உனக்கு? சத்தம் போடும் மேஸ்திரிக்கே கரன்ட் பட்டுத் தொண்டை கட்டியிருந்தால்? தைராய்டு படுத்துக் கிடக்கும், டி.எஸ்.எச். நார்மல் என்றே ரிப்போர்ட் வரும். டாக்டரும் "தைராய்டெல்லாம் நல்லா இருக்கு, டென்ஷன் ஆகாதீங்க" என்று ஒரு விட்டமின் மாத்திரை எழுதி அனுப்புவார். அதனால் தலைக்குக் கரன்ட் வாங்கியவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது டி.எஸ்.எச்.சுடன் ஃப்ரீ டி4-ம் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது இப்படிப்பட்டவர்களுக்கான வழக்கமான கண்காணிப்பிலேயே உண்டு. லேப்பில் 'தைராய்டு பேக்கேஜ்' என்று விற்பதில் சில சமயம் மொத்த டி3, மொத்த டி4 இருக்கும், ஃப்ரீ டி4 இருக்காது. சீட்டில் 'ஃப்ரீ' என்ற வார்த்தை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடு.

தைராய்டு குறைந்தால் முடி ஏன் கொட்டுகிறது? முடி வேரின் செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகுபவற்றில் சேர்ந்தவை, தீனி அதிகம் கேட்கும். தைராய்டு ஹார்மோன் இறங்கினால் உடம்பு சிக்கனத்துக்குப் போகிறது. உயிருக்கு அவசியமில்லாத வேலைகளை முதலில் நிறுத்துகிறது. வளரும் முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போகும், இருக்கிற முடியும் வறண்டு உடையும்.

நான் வாங்கிக் கொடுத்த கம்மீஸ்

இப்போது என் முட்டாள்தனம். போட்டோ வந்த மறுநாளே ஆன்லைனில் ஒரு டப்பா பயோட்டின் கம்மீஸ் (முடிக்கென்று விற்கும் விட்டமின் மிட்டாய்) ஆர்டர் போட்டு ஹாஸ்டலுக்கு அனுப்பினேன். ஸ்ட்ராபெரி வாசனை. ஒவ்வொன்றிலும் 10,000 மைக்ரோகிராம் என்று பெருமையாகப் போட்டிருந்தது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையே சுமார் 30 மைக்ரோகிராம்தான் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இரண்டு வாரம் கழித்து ரத்தம் கொடுத்தோம். டி.எஸ்.எச். குறைவு, ஃப்ரீ டி4 மேல் எல்லையில். பார்த்த டாக்டர் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று சந்தேகப்பட்டார். குளிரில் நடுங்குகிற, மலச்சிக்கலில் தவிக்கிற பெண்ணுக்குத் தைராய்டு அதிகமாம்! எனக்கே ஒட்டவில்லை.

அடுத்து ஒரு ஹார்மோன் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா ரிப்போர்ட்டையும் பார்த்தார், இவள் கையைத் தொட்டும் பார்த்தார். முதல் கேள்வி: "முடிக்கு ஏதாவது சாப்பிடுறியாம்மா?" இவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சங்கதி என்னவென்றால், பல லேப் இயந்திரங்கள் ரத்தத்தில் ஹார்மோனைப் பிடிக்கப் பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் மிதந்தால் கணக்கு குழம்பும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், ஃப்ரீ டி4 பொய்யாக ஏறும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2017-இலேயே இதை எச்சரித்திருக்கிறது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் டெஸ்ட்கூட இதனால் தவறிப்போகலாம் என்று. கம்மீஸை நிறுத்தி ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தோம். டி.எஸ்.எச். 2.4, அச்சு அசல் நார்மல். ஃப்ரீ டி4 வெறும் 0.6, அந்த லேப்பின் கீழ் எல்லை 0.9. தொண்டை கட்டிய மேஸ்திரி அப்பட்டமாக மாட்டிக்கொண்டார்.

அதனால் அக்கா சொல்கிறேன்: ஹார்மோன் டெஸ்டுக்கு முன் பயோட்டின் உள்ள எதையும் இரண்டு மூன்று நாளாவது நிறுத்து, எத்தனை நாள் என்று டாக்டரைக் கேட்டுக்கொள். 'ஹேர், ஸ்கின், நெயில்ஸ்' என்று எழுதிய டப்பா எதுவாக இருந்தாலும் பின்பக்கப் பொடி எழுத்தைப் படி. மல்டிவிட்டமின்களிலும் ஒளிந்திருக்கும்.

மாத்திரைக்கு முன் காலை எட்டு மணி

ஃப்ரீ டி4 குறைவு என்றதும் நான் "அப்போ மாத்திரை எழுதிக் கொடுத்துடுங்க டாக்டர்" என்றேன். அவர் எழுதவில்லை. முதலில் காலை எட்டு மணிக்கு, அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைப் பார்க்கச் சொன்னார். பிட்யூட்டரி தைராய்டை மட்டும் கைவிட்டிருக்குமா, அட்ரினலையும் விட்டிருக்குமா என்று தெரியாமல் தைராய்டு மாத்திரை ஆரம்பித்தால், உடம்பில் மிச்சமிருக்கும் கொஞ்சம் கார்ட்டிசாலும் வேகமாகச் செலவாகி, வாந்தி, பிரஷர் இறங்குவது, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். கார்ட்டிசால் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். மத்தியானம் எடுத்த ரத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் "சாயங்காலம் ஆபீஸ் முடிச்சுட்டு வர்றேன்" என்பது இந்த டெஸ்டுக்கு ஆகாது. ஆஸ்துமா இன்ஹேலர், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் கார்ட்டிசால் நன்றாகவே இருந்தது. மாத்திரை ஆரம்பமானது.

தைராக்ஸின் மாத்திரை ரொம்ப ரோஷக்காரி. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. நம் ஊரில் இதுதான் பெரிய போராட்டம், டிகாஷன் வாசனை வந்த பிறகு யார் கடிகாரம் பார்ப்பது? இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் நாலு மணி நேரம் தள்ளி. சின்னவள் மாத்திரையையும் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அலாரம் அடித்ததும் படுக்கையிலேயே உட்கார்ந்து விழுங்கிவிட்டு மறுபடி தூங்குகிறாள். ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போவதற்குள் நேரம் சரியாகிவிடுகிறது.

ஒரு பொறி இருக்கிறது, கவனி. பிட்யூட்டரியால் வந்த தைராய்டு குறைவுக்கு மாத்திரை அளவைச் சரிபார்ப்பது ஃப்ரீ டி4-ஐ வைத்துத்தான். மாத்திரை எடுக்கும்போது டி.எஸ்.எச். அடியோடு இறங்கிப் போகலாம். நடுவில் ஒருமுறை சின்னவள் காய்ச்சல் என்று தெருமுனை டாக்டரிடம் போனாள். அவர் டி.எஸ்.எச்.சைப் பார்த்துவிட்டு "டோஸ் ஜாஸ்தி, பாதியாக்கு" என்றார். அவர் மேல் தப்பில்லை, சாதாரணத் தைராய்டுக்கு அதுதான் கணக்கு. அன்றிலிருந்து அவள் ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: 'மூளைக்குக் கதிர்வீச்சு பெற்றவர். பிட்யூட்டரி குறைபாடு. டோஸ் ஃப்ரீ டி4 பார்த்து மட்டும்.'

மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதம் முடி இன்னும் கொட்டலாம். ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடிகள் விழுந்துதானே ஆக வேண்டும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தாதே. ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தம் சரியாகிறதா என்று பார்ப்பார்கள். முடி அதைவிடச் சோம்பேறி. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.

பேச வெட்கப்படும் முடி

தலைமுடியைப் பற்றி ஊரே பேசும், அக்குள் முடியைப் பற்றி யாரும் பேச மாட்டோம். ஆனால் டாக்டருக்கு அது பெரிய துப்பு. அக்குளிலும் கீழேயும் வளரும் முடி அட்ரினலும் சினைப்பையும் தரும் ஆண் ஹார்மோன் சார்ந்தது (பெண்களுக்கும் அது கொஞ்சம் உண்டு). வயது வந்தும் அங்கே முடி வரவே இல்லை, அல்லது இருந்தது மெலிந்துவிட்டது என்றால் சொல். கேட்டால்தான் சொல்வேன் என்று உட்காராதே, கூட்டமான ஓ.பி.யில் அவருக்குக் கேட்க நேரமிருக்காது.

மாதவிடாயும் அப்படித்தான். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, திடீரென்று முகம் சூடாகி வியர்க்கிறது, கூடவே முடியும் மெலிகிறது என்றால் சினைப்பையின் நிலையைக் காட்டும் எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடையால், ஏ.எம்.எச். பார்க்கச் சொல்வார்கள். ஈஸ்ட்ரோஜன் முடியின் வளரும் காலத்தை நீட்டிப் பிடித்து வைக்கும். அது போனால் பிடி தளரும். "பீரியட் ஒழுங்காகட்டும்" என்று யாரோ சொன்ன மாத்திரையை டெஸ்டுக்கு முன் போட ஆரம்பித்துவிடாதே, உண்மை நிலவரம் மறைந்துவிடும். இருபது வயதில் சினைப்பை ஓய்ந்துவிட்டது என்று தெரிந்தால் ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது முடிக்காக மட்டும் இல்லை, எலும்புக்கும் இதயத்துக்கும்தான் முதலில். குழந்தை பற்றிய பேச்சையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. வலிக்கும், ஆனாலும் கேள்.

தம்பிகளுக்கு ஒரு வரி. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தாடி மெலியும், ஆனால் உச்சந்தலை வழுக்கை வராது, அதற்கு அந்த ஹார்மோன் வேண்டும். பருவத்துக்கு முன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் குடும்பவாகு உள்ளவர்களுக்கு விழ ஆரம்பிக்கிறது என்பதையும் 1942-இலேயே ஜேம்ஸ் ஹாமில்டன் எழுதிவிட்டார். ஆக, டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆரம்பித்த பிறகு முன்நெற்றி ஏறினால் ஊசியை நிறுத்தாதே, டாக்டரிடம் பேசு.

கடையில் வாங்குவதற்கு முன்

இரும்பு டானிக்கை நீயாக ஆரம்பிக்காதே. மற்றப் பெண்களுக்கு முடி கொட்டினால் இரும்பு குறைவாக இருக்கும். உனக்கு அன்று பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றியிருந்தால் உடம்பில் இரும்பு தேங்கியும் இருக்கலாம். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் டெஸ்ட்) பார்த்துவிட்டு முடிவு செய். காய்ச்சல் நேரத்தில் பார்க்காதே, அப்போது அது தானாக ஏறிக் காட்டும்.

மினாக்ஸிடில் தலையில் தடவும் மருந்தாக டாக்டர் சொன்னால் தடவு. இப்போது அதையே குறைந்த டோஸ் மாத்திரையாகவும் கொடுக்கிறார்கள். அது முதலில் பிரஷர் மாத்திரையாக வந்தது. உடம்பில் நீர் கோக்கலாம், இதயம் படபடக்கலாம். உன் ஃபைலில் இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் என்று இருந்தாலோ, மார்பில் கரன்ட் வாங்கியிருந்தாலோ, எக்கோ பார்க்காமல் இந்த மாத்திரைப் பக்கமே போகாதே. தோல் டாக்டரிடம் "சின்ன வயசுல கீமோ எடுத்திருக்கேன்" என்று நீயாகச் சொல்ல வேண்டும். முகப்பருவுக்கும் முடிக்கும் போனவளிடம் அவர் அதைக் கேட்கவே மாட்டார்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பது பொய். வேண்டுதல் என்றால் பழனிக்குப் போய்ப் போடு, சந்தோஷம். வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது, கத்திக்கு அது தெரியாது. கரிசலாங்கண்ணித் தைலம் தடவினால் தலை குளிரும், அம்மா மடியில் உட்கார்ந்த சுகம் கிடைக்கும், நானே தடவிக்கொள்கிறேன். ஃப்ரீ டி4 ஏறாது, அவ்வளவுதான்.

கரன்ட் பட்ட இடத்துத் தோலை மட்டும் தனியாகக் கவனி. அங்கே இறுக்கிப் பின்னாதே, சவுரி கட்டி இழுக்காதே, ப்ளீச் வேண்டாம். வெயிலில் போனால் துப்பட்டாவோ தொப்பியோ போட்டுக்கொள்; கதிர் வாங்கிய தோலில் பின்னாளில் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வருடத்தில் இரண்டு தடவை யாரையாவது முடியை விலக்கிப் பார்க்கச் சொல். ஆறாத புண், புதிதாக வந்த மினுமினுப்பான சிறு கட்டி ஏதாவது இருக்கிறதா என்று. இந்த வேலையை நான்தான் செய்கிறேன், மொட்டை மாடியில், பேன் பார்க்கிற மாதிரி. தெருவில் எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த டாக்டரிடம் போவது என்பதுதான் மலைப்பு. பதினெட்டு முடிந்ததும் குழந்தைகள் ஓ.பி.யில் "இனி பெரியவங்க பக்கம் போங்க" என்றார்கள். எந்தப் பெரியவர் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் எங்கேயும் போகாமல் விட்டது அப்படித்தான். மும்பை டாடா மெமோரியலில் சிகிச்சை முடிந்தவர்களுக்கென்றே 1991-இல் தனி கிளினிக் ஆரம்பித்துவிட்டார்கள். உனக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் சிகிச்சை எடுத்த இடத்திலேயே 'சிகிச்சைக்குப் பிந்தைய கண்காணிப்பு' எந்தக் கிழமை என்று கேள். கையோடு ஒரு எண்டோகிரைனாலஜிஸ்ட் பெயரையும் வாங்கிக்கொண்டு வா. மேல்சிகிச்சை வசதி உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு உண்டு, கூட்டம் அதிகம், காலையிலேயே டோக்கன் போட வேண்டும்.

சொந்தக்காரர்களுக்கு மட்டும் மருந்து கிடையாது. ஐப்பசியில் ஒரு கல்யாணத்தில் பெரியம்மா ஒருத்தி மல்லிகைச் சரத்தோடு வந்து, இவள் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பூ நிக்கக்கூட முடி இல்லையேடி" என்றாள். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. சின்னவள் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். அவளுக்குக் கேட்காமல் இருப்பது சில சமயம் வசதி. அப்புறம் சரத்தை வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு பந்திக்குப் போனாள்.

மாத்திரை ஆரம்பித்து ஐந்தாவது மாதம் ஒரு போட்டோ வந்தது. அதே ஜன்னல், அதே வகிடு. நெற்றியோரம் முழுக்க ஒரு விரல்கடை நீளத்துக்குக் குட்டிக் குட்டி முடி, வெளிச்சத்தில் முள்ளு முள்ளாக நின்றது. பின்னந்தலை எப்போதும்போல் மெலிவாகத்தான் இருந்தது. கீழே ஒரே வரி: "இந்தக் குட்டி முடி அடங்கவே மாட்டேங்குது, வரும்போது ஸ்லைடு வாங்கிட்டு வா. கறுப்பு. சின்னது."